முன்னால் இழுத்த சீட்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை முதல் வார்த்தையை எழுதப் பேனா வரவில்லை, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், இரண்டாவதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள். போனில்தான் வாராவாரம் பேசுகிறோமே, அம்மாவுக்கு எதற்குத் திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ எப்படிம்மா இருக்கே என்று கேட்டவுடன் என் வாய் என்னைக் கேட்காமலே நல்லாயிருக்கேன்டா என்று சொல்லிவிடுகிறது, கை அப்படி இல்லை, கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறது. இதை அப்பாவிடம் காட்டப் போவதில்லை. ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்திய மனுஷன், கையில் கொடுத்தால் விஷயத்தை விட்டுவிட்டுக் கமா எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார். அதனால் இருக்கிற பிழையோடு படித்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய சைக்கிளை நான் ஏழு வாரமாக ஓட்டவில்லை. அது முன்னறையில், உன் புத்தக அலமாரி இருந்த சுவரில், இரண்டு கொக்கியில் தொங்குகிறது. இந்த ஏழு ஞாயிற்றுக்கிழமையும் அறுபது கிலோமீட்டர் போனேன், எண்பது போனேன், காற்று எதிர்க்காற்று என்றெல்லாம் உன்னிடம் அளந்துவிட்டது அத்தனையும் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ நம் இரண்டு பேர் பெயரையும் நம்மூர் சைக்கிள் கிளப்பின் இருநூறு கிலோமீட்டர் பயணத்துக்குப் பதிந்திருக்கிறாய், ஊருக்கு வர லீவும் கேட்டுவிட்டாய், அம்மாவும் நானும் சேர்ந்து ஓட்டப் போறோம்னு ஆபீஸ் முழுக்கச் சொல்லிட்டேன் என்று போன வாரம் சிரித்தாய். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

கோபப்படுவதற்கு முன்னால் வீட்டுச் செய்தியைக் கேட்டுக்கொள். சமையலறைக் கூரை ஒழுகுவது நிற்கவில்லை, கொத்தனார் வந்து பார்த்துவிட்டு மேலே ஏறாமலே தலையை ஆட்டிவிட்டுப் போனார், அதற்கப்புறம் ஆளைக் காணோம், வாளி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அப்பாவுக்கு வலது காது இன்னும் மந்தமாகிவிட்டது, அவருக்குக் கேட்கக் கூடாது என்று நான் நினைக்கிற விஷயம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. உன் அக்கா மாதம் ஒருமுறை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள், மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் திட்டும்போதே மாத்திரையும் கொடுத்துவிடுகிறாள். மற்றபடி ஒன்றுமில்லை. ஓய்வு பெற்றால் உடம்பு ஆறும் என்று சொன்னார்கள், இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய அலுப்பு இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ, இப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்து உட்காருகிறது.

சைக்கிளுக்கு வருகிறேன். அது பெட்டியில் வந்து இறங்கிய அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது பொய் இல்லை, அதை நீ நம்ப வேண்டும். உனக்கு ஒன்று எனக்கு ஒன்று, ஒரே கம்பெனி, ஒரே கரும்பச்சை நிறம், நீ அங்கே ஓட்டுவதையே நானும் இங்கே ஓட்டுகிறேன் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. முதல் நாளே தெரிந்துவிட்டது, ஹேண்டில் எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, அதைப் பிடிக்கக் கிட்டத்தட்டப் படுக்க வேண்டியிருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா, இருபத்தாறு வருஷமாக எதைச் செய்தேனோ அதையே செய்தேன். ஸ்பேனரை எடுத்துச் சீட்டை முன்னால் இழுத்தேன். இன்னும் எட்டவில்லையா, இன்னும் இழுத்தேன், அதற்கு மேல் நகராது என்று அது நின்ற பிறகுதான் விட்டேன். மேலே ஒரு துண்டை நான்காக மடித்துக் கட்டிக்கொண்டேன். ஓட்டுகிறவளுக்கு ஸ்டீயரிங் எட்டவில்லை என்றால் சீட்டை இழு, எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

உனக்கு என் பஸ் சீட்டு ஞாபகம் இருக்கும், சின்ன வயசில் ஏறி உட்கார்ந்து கால் தொங்குகிறது என்று சிரிப்பாய். எனக்கும் அதே கதைதான். ஆறடி ஆளுக்காகச் செய்த சீட்டு, முழுக்க முன்னால் இழுத்தாலும் கிளட்ச் எனக்குப் பாதி பாதம்தான் எட்டும். முதுகுக்குப் பின்னால் தலையணை ஒன்று வைத்து ஓட்டினேன், இருபத்தாறு வருஷத்தில் ஒன்பது தலையணை. டிப்போ ஆபீசில் ஒரு குறைப் புத்தகம் கயிறு கட்டித் தொங்கும், வண்டியில் என்ன கோளாறு என்றாலும் டிரைவர் அதில் எழுத வேண்டும். நான் சேர்ந்த முதல் நாள், அந்த டிப்போவில் நான் ஒருத்திதான் பெண், நேரக் கண்காணிப்பாளர் எல்லார் எதிரிலும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, இனிமே இது சீக்கிரம் தீர்ந்துடும், புதுசு ஒண்ணு வாங்கி வைங்கப்பா என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தேன், இந்தப் புத்தகத்தில் என் கையெழுத்து விழாது என்று. விழவே இல்லை. பணி ஓய்வு விழாவில் அதைத்தான் பெரிய பெருமையாகப் பேசினார்கள், இருபத்தாறு வருஷம், ஒரு குறை சொன்னதில்லை இந்த அம்மா என்று மைக்கில் சொன்னபோது நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முதுகு வலித்ததால் சாய்ந்து உட்கார முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அதனால் உன் சைக்கிளையும் அப்படித்தான் ஓட்டினேன். கொடுத்த வண்டியை ஓட்டுவதுதானே டிரைவருக்கு அழகு. இரண்டாம் மாதம் முழங்காலில் ஒரு ஊசி குத்தல் வந்தது, மூன்றாம் மாதம் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன, கையை உதறிக்கொண்டு ஓட்டினேன். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், நாம் சேர்ந்து ஒரு இருநூறு போகணும்மா என்று நீ ஆசைப்பட்டாயே, அதற்குத் தயாராக வேண்டுமே என்று நூற்றுப்பத்துப் போகலாம் எனக் காலையிலேயே கிளம்பினேன். எழுபதாவது கிலோமீட்டரில் ஒரு நீண்ட இறக்கம். பிரேக்கைப் பிடிக்கலாம் என்று பார்த்தால் விரல் மடங்கவில்லை. கை என்னுடையதுதான், கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சொன்னதைக் கேட்கவில்லை. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கியபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. காலைத் தரையில் உரசி உரசி, கடைசியில் ஓரத்து மண்மேட்டில் ஏற்றிச் சாய்ந்தேன். சிராய்ப்புதான், எலும்புக்கு ஒன்றுமில்லை, சத்தியமாக. பால் கேன் ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் என்னையும் சைக்கிளையும் கேன்களுக்கு நடுவில் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

மூன்று நாள் என்னால் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. அப்பாதான் போட்டுவிட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் அதைச் செய்தித்தாளில் போட வேண்டும் என்று நான் கேலி செய்வேனே, அந்த மனுஷன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பிழை பார்ப்பதுபோல ஒவ்வொரு பித்தானாகப் போட்டார். மூன்றாம் நாள் கழுத்துப் பித்தானில் கை நின்றது, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றார். டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளங்கையிலேயே பாரத்தைப் போட்டு நரம்பை நசுக்கி வைத்திருக்கிறீர்கள், ஒரு மாதம் சைக்கிள் கூடாது என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிட்டு, எப்படிம்மா போச்சு நூற்றுப்பத்து என்று கேட்டாய். என் காதில் போனை வைத்து அப்பா பிடித்துக்கொண்டிருந்தார், நான் சூப்பரா போச்சுடா என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மாதம் முடிந்ததும் அக்காதான் என்னை ஒரு சைக்கிள் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆளின் உடம்பை அளந்து சைக்கிளைப் பொருத்திக் கொடுக்கிற கடை. அளக்கிறவள் ஒரு இளம்பெண், வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை, வாயைத் திறந்தால் பாதி பேச்சு பாதி கொட்டாவி. அவள் விட நான் விட, இரண்டு பேரும் கொட்டாவியிலேயே பேசிக்கொண்டோம். செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிற்க வைத்து, தொடைகளுக்கு நடுவில் ஒரு தடிமனான புத்தகத்தை நன்றாக மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்லி அதிலிருந்து தரைவரை அளந்தாள். அப்புறம் கையை அளந்தாள், முதுகை அளந்தாள். உள்ளே நெளிவு வைத்த பெட்டி அட்டை ஒன்றைப் பெஞ்சின் மேல் போட்டு அதில் உட்காரச் சொன்னாள், எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம், அந்த இரண்டு எலும்பும்தான் நம்மைத் தாங்குகிறதாம், சீட்டின் அகலம் அதற்குப் பொருந்த வேண்டுமாம். இத்தனை வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்தவளுக்கு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் சைக்கிளையும் கொண்டுபோயிருந்தோம். முன்னால் இழுத்த சீட்டைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. சீட்டை முழங்காலுக்குத்தாம்மா வைக்கணும், கைக்கு எட்டலைன்னு சீட்டை இழுத்தா உடம்போட பாரம் முழுக்கக் கையில வந்து நிக்கும், முட்டியும் போயிடும், ஹேண்டில்தான் உங்ககிட்ட வரணும் என்றாள். பஸ்ஸில் அப்படித்தானே செய்வோம் என்று கேட்டேன். பஸ்ஸுல ஸ்டீயரிங் உங்ககிட்ட வராது, அதனால நீங்க போனீங்க, இது வரும்மா என்றாள். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் குட்டைக் கம்பியை மாற்றிப் பார்த்தாள், மேலே தூக்கிப் பார்த்தாள், கடைசியில் உதட்டைப் பிதுக்கி, பிரேமே உங்களுக்கு நீளம், வாங்கினவர் உங்களைவிட உயரமா என்று கேட்டாள். உன் கை நீளம் உன் அப்பாவுடையது. கடையில் நீ ஏறி உட்கார்ந்து பார்த்து, சுகமாக இருக்கிறது, அம்மாவுக்கும் இதுவே இருக்கட்டும் என்று வாங்கியிருப்பாய். உன் ஆசையில் ஒரு குறையும் இல்லை, கண்ணா. அளவு கேட்டு நீ மெசேஜ் அனுப்பியபோது, எது அனுப்பினாலும் ஓட்டுவேன் என்று பதில் போட்டவள் நான்தான்.

மூன்று சைக்கிள் ஓட்டிப் பார்த்தேன், நீயும் தெரிந்துகொள், நண்பர்கள் கேட்டால் சொல்லலாம். முதலாவது இறகு மாதிரி கனமில்லை, ஒரு கையால் தூக்கிவிடலாம், பறந்தது, ஆனால் தலையைத் தூக்கிப் பாதையைப் பார்க்க ஆமை மாதிரி கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது நாற்காலி மாதிரி நிமிர்ந்து உட்காருவது, மெத்தைபோல் சீட்டு, இதுதான் என் வண்டி என்று பத்து நிமிஷம் நினைத்தேன், ஒரு மணி நேரத்தில் காற்று முழுக்க நெஞ்சில் மோதி, பாரம் முழுக்க இடுப்பில் இறங்கி, அந்த மெத்தையே எதிரியாகிவிட்டது. மெத்தென்று இருப்பதெல்லாம் சுகம் இல்லை என்பதை எழுதி வைத்துக்கொள். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். வளைந்த ஹேண்டில்தான், ஆனால் சீட்டு உயரத்துக்கே வருகிறது, பிரேம் குட்டை, சீட்டு கெட்டியாக நடுவில் ஒரு பள்ளத்தோடு, டயர் இரண்டு விரல் அகலம், காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தால் சாலையின் குண்டு குழியை அதுவே விழுங்கிவிடுகிறது, மேட்டுக்கென்று பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம். பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன், மண்ணிறம்.

ஓட்டிவிட்டு வந்து நன்றாக இருக்கிறது என்றேன். அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள், அதில் மூன்று கோடு, மேலே என்ன குறை என்று அச்சடித்திருந்தது. ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்து மூணு குறை எழுதிக் கொடுங்க, அப்புறம்தான் வண்டியைத் தருவேன் என்றாள். நான் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மூன்று கோட்டிலும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவள் கொட்டாவியை முடித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். குறையே இல்லாத வண்டியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைம்மா, போய்ட்டு நாளைக்கு வாங்க என்றாள்.

மறுநாள் மறுபடி ஓட்டினேன். பாதி வழியில் ஒரு மரத்தடியில் நின்று, பேனாவைத் திறந்து, ஐம்பத்தொன்பது வயசில் முதல் முறையாகக் குறை எழுதினேன். சீட்டின் நுனி வலது தொடையில் உரசுகிறது. பிரேக் எட்டவில்லை, விரல் நுனிதான் படுகிறது. கழுத்து மாலையில் வலிக்கிறது. இவ்வளவுதான், இதை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். கடையில் அவள் அதைப் படித்துவிட்டு, பிரேக் பிடிக்குள் மறைந்திருந்த ஒரு சின்னத் திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிரேக் என் விரலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டே சுற்று. அக்கா கேட்கிறாள் ஏம்மா அழறே என்று, நான் என்னவென்று சொல்ல.

ஏன் என்று உனக்குச் சொல்கிறேன். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் என் பழைய வண்டி வந்து நின்றது. எனக்குப் பிறகு சேர்ந்த பெண் ஓட்டுகிறாள், என் உயரம்தான் இருப்பாள். தலையணை இல்லை. எப்படிம்மா எட்டுது என்று கேட்டேன். சேர்ந்த வாரமே புத்தகத்தில் எழுதினேன்க்கா, அடுத்த மாசம் சீட்டுக்கு வேற அடித்தளம் போட்டுக் கொடுத்துட்டாங்க என்றாள். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள், நான் இருபத்தாறு வருஷம் அழாமல் இருந்ததற்கு மைக்கில் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அது என்னோடு போகட்டும். ஆனால் நீ ஐந்தாம் வகுப்பில் இறுக்கமான ஷூவை ஒரு பருவம் முழுக்கப் போட்டுக்கொண்டு போனாயே, கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு உன்னைத் திட்டியிருக்க வேண்டும். என் பிள்ளை வாயைத் திறக்கலை பாருங்க என்று டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவள் வேறு யாரும் இல்லை, நான்தான். மூன்று ஞாயிறாக நீ வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் எப்போதும் தெரிகிற உன் அறை ஜன்னல் இல்லை, வெறும் சுவர், அந்தக் குளிர் ஊரில் வீட்டுக்குள்ளே கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கேட்டால் பெயிண்ட் அடிக்கிறாங்கம்மா என்கிறாய். மூன்று வாரம் அடிக்கிற பெயிண்டை நான் பார்த்ததில்லை. நல்லா இருக்கேன்மா என்று நீ சொல்கிற குரல் எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடைய குரல்.

இருநூறை ரத்து செய்ய வேண்டாம். நான் என் மண்ணிற வண்டியில் மெதுவாக வருகிறேன், நூற்றிருபதில் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லி இறங்கிவிடுவேன், அதில் இனி எனக்கு வெட்கம் இல்லை. நீ உன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், சுவரில் இருப்பது உன் அளவு, சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன், சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் உனக்கு எட்டுகிற இடத்தில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கிழவியின் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் சேர்த்து. முதலில் விட்ட வார்த்தையை இப்போது எழுதுகிறேன், கை தேவலை, முட்டி பாதி தேவலை, மனசு கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது. உண்மையான நலம் இவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு வெற்று அட்டை ஒன்று வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். மூன்று கோடு இருக்கிறது. சின்னக் குறையிலிருந்து ஆரம்பி, அப்போதுதான் பெரியது வரும். ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பினால், தபாலுக்கு எத்தனை நாள் ஆனாலும் சரி, திருப்பி அனுப்புவேன்.